ஒன்றாம் எண்

கால்காரம்மாவின் கடையில் ஒரு பழக்கம் உண்டு. மற்ற இடங்களில் செயற்கைக் கால் செய்து முடித்ததும் அச்சை உடைத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். இவள் போடமாட்டாள். வெட்டுப்பட்டதுபோக மிஞ்சியிருக்கும் காலை ஈர மாவுக்கட்டுத் துணியால் சுற்றி, இறுகியதும் உருவி எடுத்து, அந்தக் கூட்டுக்குள் மாவைக் கரைத்து ஊற்றினால் அந்த மனிதரின் கால் அப்படியே வெள்ளை வெளேரென்று வந்து நிற்கும். மடிப்பு, தழும்பு, தையல் போட்ட இடம் எதுவும் தப்பாது. அந்த அச்சின் மேல் பிளாஸ்டிக்கைச் சூடாகப் போர்த்தித்தான் கால் நுழைகிற கூடு செய்வது. கூடு என்றைக்காவது விரிசல் விட்டால் அச்சு வேண்டியிருக்குமே என்று ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணை எழுதி, உள்ளறையில் பலகை அடித்து வரிசையாக வைத்து, மேலே ஒரு துணியையும் தொங்கவிட்டிருந்தாள். ஆள் இறந்துபோனால் வீட்டார் வந்து சொல்வார்கள். அன்றைக்குத்தான் அந்த அச்சை உடைப்பது. அதற்கு முன் எந்த அச்சின் மேலும் சுத்தியல் பட்டதில்லை.

ஒன்றாம் எண், அவளுடைய அண்ணன்.

அண்ணனுக்கு முப்பது வயதில் கல்குவாரியில் பாறை உருண்டு இடது கால் முட்டிக்குக் கீழே போயிற்று. அப்போது இவளுக்குப் பத்தொன்பது. அப்பாவும் அம்மாவும் போனபிறகு இவளுக்குத் தலைவாரிவிட்டதிலிருந்து காய்ச்சலுக்கு மருந்து ஊற்றியது வரை எல்லாம் அவன்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "ஏன் பாப்பா அழற? இனிமே செருப்பு ஒன்னு தேஞ்சா இன்னொன்னு புதுசாவே இருக்கும்" என்று சிரித்தவன். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்காமல்தான் அவள் வெளியூர் போய் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தாள். அவள் கையால் செய்த முதல் கால் அண்ணனுக்கு. மாட்டிக்கொண்டு நடந்து பார்த்துவிட்டு, "ஜம்முனு இருக்கு பாப்பா" என்றான். இரண்டு மாதம் கழித்து அவனுடைய காலுறை துவைக்கிற வாளியில் ஊறிக்கொண்டிருந்தபோதுதான் தண்ணீர் சிவப்பாக இருந்ததைப் பார்த்தாள். அடப்பாவி, இரண்டு மாதமும் பல்லைக் கடித்துக்கொண்டு ரத்தத்தோடு நடந்திருக்கிறான்!

"ஏன் அண்ணா சொல்லல?" என்று கத்தினாள்.

"சொன்னா நீ தொழிலையே விட்டுடுவ."

அப்படிப்பட்ட அண்ணன். ஆனால் அந்தக் காலை மட்டும் அவன் யாருக்கும் காட்டமாட்டான். கடையில் அளவெடுக்கும்போது திரையை இழுத்து மூடச் சொல்வான். உதவிக்கு நிற்கும் பெரியவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள வேண்டும். கல்யாணமாகி இருபத்தைந்து வருடமாகிறது, அண்ணிகூடப் பார்த்ததில்லை. உறையோடுதான் படுப்பான், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் குளிப்பான். ஆஸ்பத்திரிக்காரர்களை விட்டால் உலகத்தில் அந்தக் காலை உறையில்லாமல் பார்த்த கண் இவளுடையது மட்டும்தான். அதை இவள் ஒரு பெருமையாக யாரிடமும் சொன்னதில்லை. சொன்னதெல்லாம் வேறு. புதிதாகக் காலிழந்து வந்து விசும்புகிறவர்களிடம், அண்ணன் படியேறி வருவதைக் காட்டி, "அங்க பாருங்க, எங்கண்ணன். இந்தக் கடையோட ஒன்னாம் நம்பர். நடையில ஏதாவது தெரியுதா?" என்பாள். இருபத்துச் சொச்சம் வருடமாக ஊரில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது.

அண்ணன் மெய்யாகவே வீறாப்பாக நடந்து காட்டுவான். பிறகு நாலு பேர் எதிரிலேயே, "பாப்பா, தண்ணி குடு" என்பான். நாற்பத்தாறு வயதுப் பாப்பா முறைத்துக்கொண்டே தண்ணீர் எடுக்கப் போவாள். மனசுக்குள் குளுகுளுவென்றிருக்கும்.

சரி, வினை வந்த வழியைச் சொல்ல வேண்டும்.

குவாரிக்கு இன்னும் இருபது வருடம் அனுமதி கொடுக்கலாமா, வேண்டாமா என்பதை ஊர்க்காரர்களே ஓட்டுப் போட்டுச் சொல்லட்டும் என்று நகரசபை தீர்மானம் போட்டது. போட்டதுதான் தாமதம், ஊர் இரண்டாகிவிட்டது. பச்சை ஸ்டிக்கர் ஒட்டினால் 'தொடரட்டும்'. வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டினால் 'மூடு'. வீட்டில் ஒட்டினால் போதாதாம், கடையிலும் ஒட்ட வேண்டுமாம். டயர் கடையில் பச்சை. அவர் பிழைப்பே குவாரி லாரிதான். புத்தகக் கடையில் வெள்ளை. மருந்துக்கடைக்காரர் இருக்கிறாரே, அவர் கில்லாடி. இடது கதவில் பச்சை, வலது கதவில் வெள்ளை. முடிவெட்டுகிறவரிடம் கேட்டதற்கு, "கத்தி என் கையில இருக்கு, எவனும் என்கிட்ட வாதம் பண்ணமாட்டான்" என்று சொல்லிவிட்டார்.

கால்காரம்மாவிடமும் வந்தார்கள். முதலில் குவாரி ஆபீஸ் மேனேஜர் வந்து, "ஒட்டினா சந்தோஷம், ஒட்டாட்டியும் ஒன்னும் இல்லைங்க" என்று இளித்துக்கொண்டே பச்சையை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அங்கே அடிபடுகிறவர்களை இவளிடம் அனுப்புகிறவர் அவர்தான். ஒன்றும் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று புரியாத அளவுக்கு இவள் பச்சைக்குழந்தை இல்லை. மறுநாள் மூடச் சொல்கிறவர்கள் பக்கத்திலிருந்து பள்ளிக்கூட டீச்சர் வந்தாள். "நாங்க ஆயிரம் நோட்டீஸ் போட்டாலும், நீங்க ஒரு வார்த்தை சொல்ற மாதிரி வருமா? குவாரி என்ன பண்ணுதுன்னு உங்களை விட யாருக்குத் தெரியும்?"

இவள் இரண்டையும் ஒட்டவில்லை. பெரியவருக்கு அதில் பரம திருப்தி. மாவு கரைப்பதிலேயே முடி நரைத்தவர். ஊரில் அவரை மாவுக்கட்டு என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அதாம்மா புத்தி" என்றார் மாவுக்கட்டு. "காலில்லாம வர்றவன் வாசல்ல நின்னு, இது நம்மாளு கடையா, அவனாளு கடையான்னு யோசிக்கக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோதும் இதே பேச்சு. அண்ணன் மகன் குவாரியில் துளைபோடும் மிஷின் ஓட்டுகிறான். அப்பன் காலைத் தின்ற இடத்துக்கு மகனை அனுப்பாதே என்று இவள் எவ்வளவோ முட்டிமோதினாள், கேட்டால்தானே? சட்டையிலேயே பச்சை ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அத்தை, நீங்க சொல்றது சரிதான். நான் இல்லேங்கல. ஆனா மூடிட்டா நாங்க அறுநூறு பேர் எங்க போறது? உங்க கடையில எடமிருக்கா?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தட்டை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"என் காலு போனதும் அங்கதான், சோறு வர்றதும் அங்கேருந்துதான். நான் என்னத்தைப் பேச?" என்றான். "நீயும் பேசாத பாப்பா. நீ உண்டு, உன் வேலை உண்டுன்னு இரு."

இருந்திருப்பாள். அந்த வாரம் அந்தப் புது மாப்பிள்ளை வராமல் இருந்திருந்தால் இருந்திருப்பாள். இருபத்திரண்டு வயது, கல்யாணமாகி நாலு மாதம். வலது கால் முட்டிக்கு மேலேயே போய்விட்டது. பக்கத்தில் மனைவி, அவன் கழற்றிவைத்த வலது கால் செருப்பை இன்னும் பையில் வைத்துக்கொண்டு திரிகிறாள். அளவெடுத்து முடித்ததும் அவன் கேட்டான்: "அக்கா, இதை மாட்டிக்கிட்டு மறுபடி குவாரிக்கே வேலைக்குப் போகலாமில்ல?"

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவன் போனபிறகு உள்ளறைக்குள் நுழைந்து துணியை விலக்கினாள். ஒவ்வோர் எண்ணாகப் பேரேட்டோடு ஒத்துப்பார்த்தாள். குவாரியில் போனவை மட்டும் முப்பத்தொன்று. முப்பத்தொரு காலை வைத்துக்கொண்டு நான் வாயை மூடிக்கொண்டு இருப்பதா? ஒரு ஸ்டிக்கருக்குப் பயந்துகொண்டா?

அடுத்த நாள் காலையில் மாவுக்கட்டு வரும்போது அவள் முகப்புக் கண்ணாடியிலிருந்த மாதிரிக் கால்களை எடுத்துவிட்டு, அச்சுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் பதறிப்போனார்.

"வேண்டாம்மா! உனக்குச் சொல்லணும்னா நீ பேசு. கூட்டத்துல ஏறிப் பேசு, நானே வந்து கைதட்டறேன். கடையைப் பேசவைக்காத."

"நான் வேற, கடை வேறயா பெரியவரே?"

"வேறதான். உன் வாய் உன்னோடது. இந்தக் கடையில இருக்கறதெல்லாம் உன்னோடதா?"

"எல்லா மிஷினும் என் பேர்லதான் இருக்கு" என்றாள் வெடுக்கென்று. அவர் மிஷினைச் சொல்லவில்லை. அது அப்போது அவள் மண்டையில் ஏறவில்லை.

"பேரு எதுவும் போடல. வெறும் நம்பர்தானே?" என்று அவளே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். நம்பர்தானே! ஒன்றாம் எண் நடுவில், முன்வரிசையில் இருந்தது. நடுவிலிருந்து இரண்டு பக்கமும் எண் வரிசையாக அடுக்கும்போது அதுதானே முதலில் வரும். அவ்வளவுதான் அவள் யோசித்தது. பக்கத்தில் ஒரு அட்டை: 'இந்த முப்பத்தொன்றும் குவாரி தின்ற கால்கள். ஓட்டுப் போடுமுன் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.'

கூட்டம் கூடிவிட்டது. எண்ணினார்கள். விரல்விட்டு எண்ணினார்கள், சத்தமாக எண்ணினார்கள். சில பேர் தலையில் அடித்துக்கொண்டார்கள். டீச்சர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பத்திரிகைக்காரன் போட்டோ பிடித்தான். பதினொன்றாம் எண்ணான பெட்டிக்கடைக்காரர் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வந்து, "ஏன் கால்காரம்மா, நான் என்ன பாவம் பண்ணேன்? என்னோடது ஏன் பின்வரிசையில? முன்னாடி வைங்க, நாலு பேர் பாக்கட்டும்" என்று சண்டைக்கே வந்துவிட்டார். அவர் அப்படி. கால் போனதையே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கதையாகச் சொல்லி வெற்றிலைபாக்கு விற்பதுபோல விற்றுவிடுவார். அவரைப் பார்த்து எல்லோரும் அப்படித்தான் என்று இவள் நினைத்துவிட்டாள். அந்த இரண்டு நாளும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஊர் தன் பேச்சைக் கேட்கிறது என்று நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் அண்ணி வந்தாள்.

வந்தவள் உள்ளே வரவில்லை. கையில் கடைக்குப் போகிற கூடை. கண்ணாடிக்கு முன்னால், கூட்டத்துக்கு நடுவில் அசையாமல் நின்றாள். கால்காரம்மா உள்ளேயிருந்து கையாட்டினாள். அண்ணி அதைப் பார்க்கவில்லை. அவள் கண் ஒரே இடத்தில் குத்திட்டு நின்றது. பக்கத்தில் நின்ற பெண்ணொருத்தி, "இதான் இந்தம்மாவோட அண்ணன் காலாம். ஒன்னாம் நம்பர்னா அவருதான். கீழ எப்படிச் சுருட்டித் தைச்சிருக்கான் பாரு, ஐயோ!" என்று இன்னொருத்திக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் குரல் திறந்திருந்த கதவு வழியாக உள்ளே வந்தது.

அப்போதுதான் உறைத்தது. ஒன்றாம் எண் யாரென்று ஊரில் ஒரு குஞ்சு குளுவானுக்குக்கூடத் தெரியும். சொன்னவளே இவள்தானே!

ஓடிவந்து அண்ணியின் கையைப் பிடித்தாள். "அண்ணி, உள்ள வாங்க..."

"இதா அவரோடது?" என்றாள் அண்ணி. "இந்தப் பள்ளம்... வலிக்குமா அது?"

"அண்ணி..."

"இருபத்தஞ்சு வருஷம். ஒரு நாள் காட்டுங்களேன், நான் எண்ணெய் தடவி விடறேன்னு கேட்டுப்பாத்திருக்கேன். கோவிச்சுக்குவாரு. அழுதுகூட இருக்காரு. சரி, அவருக்கு மனசு வரும்போது காட்டட்டும்னு இருந்தேன்." அண்ணி கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். "தெருவுல நின்னு பாக்கணும்னு எழுதியிருக்கு எனக்கு. நாலு பேரோட சேந்து."

அவள் போய்விட்டாள். கால்காரம்மா அப்போதே அச்சுகளை எடுத்திருக்கலாம். எடுக்கப் போனவளை டீச்சரோடு வந்திருந்தவர்கள் சூழ்ந்துகொண்டு, "இப்ப எடுத்தா, குவாரிக்காரன் மிரட்டிட்டான்னு ஆயிடும். இன்னும் ரெண்டே நாள்" என்றார்கள். ஒன்றாம் எண்ணை மட்டும் எடுத்து உள்ளே வைத்தாள். அதற்குள் பத்திரிகையில் போட்டோ வந்துவிட்டது. முன்வரிசை, நடுவில், பளிச்சென்று.

அடுத்த நாள் காலை அண்ணன் வந்தான். நடை சரியில்லை, கால் கழன்று விழுந்துவிடும்போல வந்தான். உள்ளே உட்கார்ந்திருந்த இரண்டு பேர் தங்களையறியாமல் அவன் இடது காலைப் பார்த்தார்கள். அவன் அந்தப் பார்வையைப் பார்த்தான். வீறாப்பாக நடந்து காட்டவில்லை, தண்ணீர் கேட்கவும் இல்லை.

"அதைக் குடு" என்றான்.

"அண்ணா, தப்பு பண்ணிட்டேன். பேர் போடலையேன்னுதான்... உன் மகனுக்காகத்தான் அண்ணா பண்ணேன். அவனும் ஒரு நாள்..."

"நீ சொன்னது தப்புன்னு நான் சொல்லல." அவன் மெதுவாகத்தான் பேசினான். கத்தியிருந்தால்கூடத் தேவலை. "மூடணும்னா மூடணும்னு சொல்லு. கத்து. உன் கடை, உன் வாய். காலு என்னோடது பாப்பா. உன்ன நம்பி உன்கிட்டக் குடுத்துவெச்சது."

அவள் அழுதுகொண்டே அச்சை எடுத்துவந்தாள். அவன் தன் துண்டை விரித்து, குழந்தையைச் சுற்றுவதுபோலச் சுற்றி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினான். பிடித்துவிடப் போன மாவுக்கட்டின் கையைத் தள்ளிவிட்டான்.

அவனைப் பார்த்து இன்னும் பலர் வந்தார்கள். சிலர் திட்டினார்கள், சிலர் தங்கள் அச்சை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள். பெட்டிக்கடைக்காரர் மட்டும், "என்னோடது இருக்கட்டும்" என்றார். ஓட்டெடுப்பு நடந்தது. நானூற்றுச் சொச்சம் ஓட்டு வித்தியாசத்தில் குவாரி தொடர்ந்தது. மேனேஜர் ஆட்களை வெளியூர்க் கடைக்கு அனுப்ப ஆரம்பித்தார். கண்ணாடிக்குள் பழையபடி இரண்டு மாதிரிக் கால்கள், பளபளப்பான ஷூ போட்டுக்கொண்டு நின்றன.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். முதல் வாரம் அண்ணி கதவைத் திறந்து, "தூங்கறாரு" என்றாள். இரண்டாம் வாரமும் தூங்கினான். மூன்றாம் வாரம் போகவில்லை. கால் இளைத்துக்கொண்டே வரும், வருடத்துக்கு ஒருமுறை கூட்டை மாற்றினால்தான் சரிப்படும். அந்த வருடம் அவன் மாற்றிக்கொள்ள வரவில்லை. காலைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு இரண்டு கக்கத்திலும் கட்டை ஊன்றிக்கொண்டு நடக்கிறான் என்று பெட்டிக்கடைக்காரர்தான் வந்து சொன்னார். அதைக் கேட்ட அன்று அவளால் ஒரு வேலையும் செய்ய முடியவில்லை. கரைத்த மாவு பாத்திரத்திலேயே கல்லாகிவிட்டது.

ஓட்டெடுப்பு முடிந்து ஏழாவது மாதம், அண்ணன் மகன் கால்மேல் குவாரி வண்டி ஏறிற்று.

நான் அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு கணம்கூட அவளுக்குத் தோன்றவில்லை. அதை அவள் சார்பில் நான் அடித்துச் சொல்வேன். செருப்புகூடப் போடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். வார்டு வாசலில் அண்ணன் கட்டைகளை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தான். வழிவிடவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அண்ணிதான் வந்து, "இப்ப வேணாம், அப்புறமா வாங்க" என்றாள். வா, போ என்று பேசிக்கொண்டிருந்த அண்ணி. அந்த 'வாங்க'வைச் சுமந்துகொண்டு அவள் திரும்பினாள்.

மருமகனுக்கான கால் வெளியூரில் செய்யப்பட்டது.

அவள் அதை முதன்முதலில் பார்த்தது மூன்று மாதம் கழித்து, ஒரு சாயங்காலம், தன் கடைக் கண்ணாடி வழியாக. எதிரே பஸ் ஸ்டாப். அண்ணன் கட்டைகளோடு முன்னால் போக, பின்னால் அவன் நடந்து வந்தான். நடையா அது! ஒவ்வோர் அடிக்கும் இடுப்பைத் தூக்கி வெளிப்பக்கம் வீசிப்போட்டான். பாதம் ஒரு பக்கம் திரும்பியிருந்தது. எந்த மடையன் பொருத்தியது இதை? பத்தடி நடப்பதற்குள் முகம் வியர்த்துப்போய் பெஞ்சைப் பிடித்து உட்கார்ந்துவிட்டான். அவளுக்கு இங்கேயிருந்தே தெரிந்தது. கணுக்காலுக்கு மேலே இருக்கும் திருகை அரைச் சுற்றுத் திருப்பினால் போதும். அரைச் சுற்று. இந்தப் பாவி மகளால் அதைச் செய்ய முடியாமல் கண்ணாடிக்குப் பின்னால் நிற்க வேண்டியிருக்கிறதே.

திருகைத் திருப்புகிற அலன் சாவி எப்போது கைக்கு வந்தது, தெருவை எப்போது தாண்டினாள் என்று அவளுக்கே தெரியாது. "பாத்துப் போம்மா, வண்டி!" என்று மாவுக்கட்டு பின்னால் கத்தினார்.

"அத்தை" என்றான் மருமகன். அவ்வளவு வலியிலும் முகம் மலர்ந்தது. உடனே அப்பாவைப் பார்த்தான்.

அண்ணன் பஸ் வருகிறதா என்று தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவள் தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்தாள். பேன்ட்டின் நுனியைப் பிடித்துத் தூக்கப் போனவள் நின்றுவிட்டாள். பஸ்ஸுக்கு நிற்கிற எட்டுப் பத்துப் பேர் எட்டிப் பார்த்தார்கள். அவள் இடுப்பில் கட்டியிருந்த மாவுக்கறை படிந்த ஏப்ரனை அவிழ்த்து, மருமகனின் மடியிலிருந்து தரைவரை போர்த்தினாள். அதற்குள் கையை விட்டு, கண்ணால் பார்க்காமல், விரலால் தடவித் தடவித் திருகைக் கண்டுபிடித்தாள். பாதத்தை நேராகப் பிடித்துக்கொண்டு திருப்பினாள். அரைச் சுற்று. இன்னும் ஒரு துளி.

"நட" என்றாள்.

அவன் எழுந்து நடந்தான். நாலடி போனான், திரும்பினான். இடுப்பு தூக்கவில்லை. "அத்தை! அத்தை, குத்தவே இல்லத்தை!" என்று சின்னப் பிள்ளைபோலக் கத்தினான். நின்றவர்களில் யாரோ கைதட்டினார்கள்.

அண்ணனும் பார்த்துக்கொண்டிருந்தான். மகன் நடந்த தூரம் முழுக்க அவன் கண்ணும் கூடவே போய்த் திரும்பிற்று. பிறகு பெஞ்சில் கிடந்த ஏப்ரனைப் பார்த்தான். ரொம்ப நேரம் அதையே பார்த்தான். அவன் தாடை துடித்ததை அவள் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து பார்த்த தாடை அல்லவா? அந்தத் தைரியத்தில்தான் வாயைத் திறந்தாள்.

"அண்ணா, இந்தக் கட்டை உனக்கு வேண்டாம் அண்ணா. அந்த அச்சைக் கொண்டா. அதையே கொஞ்சம் சீவி ஒரே வாரத்துல புதுக்கூடு பண்ணித் தர்றேன். நீ கடைக்குக்கூட வர வேணாம், நானே வீட்டுக்கு வந்து மாட்டிவிடறேன்."

"அது இல்ல. உடைச்சாச்சு."

"எப்ப?"

"கொண்டுபோன அன்னைக்கே."

செத்தவர்களுடையதைத்தான் உடைப்பார்கள். அது அண்ணனுக்கும் தெரியும். இரண்டு மூன்று தடவை அவனே அவளுக்குச் சுத்தியல் எடுத்துக் கொடுத்திருக்கிறான். ஆனாலும் அவள் விடவில்லை.

"போகட்டும் அண்ணா. புதுசா எடுத்துக்கலாம். பத்து நிமிஷ வேலை. திரையை மூடிட்டு, பெரியவரைக்கூட வெளிய அனுப்பிட்டு, நீயும் நானும் மட்டும்."

பஸ் வந்துவிட்டது. மருமகன் படியில் ஏறி, மேலேயிருந்து அப்பாவுக்குக் கை நீட்டினான். அண்ணன் கட்டைகளை ஒரு கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஏறுவதற்கு முன் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள்.

"அதுக்கு மறுபடியும் உன்கிட்டக் காட்டணுமே பாப்பா" என்றான்.

கதவு மூடிக்கொண்டது. ஏப்ரனையும் சாவியையும் வைத்துக்கொண்டு அவள் பஸ் ஸ்டாப்பிலேயே நின்றாள், மாவுக்கட்டு வந்து கூப்பிடுகிறவரை.